பார்க்கக் கூடாத பிறை

ஆவணி மாதத்தில் வானத்தில் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. பார்க்கக் கூடாதது ஒன்றே ஒன்று, பிள்ளையார் சதுர்த்தி அன்று தெரியும் பிறை. பார்த்தவனுக்குத் திருட்டுப் பழி வரும் என்பார்கள். பகவானுக்கே ரத்தின மணி திருடினவன் என்று பேர் வாங்கிக் கொடுத்த பிறை அது. மூக்குத்தியில் வைரம் பதிக்கிற என்னை விட்டுவைக்குமா?

அறுபத்து நாலாம் வருஷம். மாட்டுங்காவில் வெங்கடேஸ்வரன் முதலாளியின் பட்டறையில் நானும் வானமாமலையும்தான் வேலையாட்கள். சதுர்த்தி அன்றைக்குக் கொட்டிய மழையில் பிறையாவது ஒன்றாவது என்று நிம்மதியாக இருந்தேன். பொழுது சாய்ந்து, நாங்கள் குடியிருந்த லேபர் கேம்ப்புக்குத் திரும்பும்போது மழை விட்டது. தெருவெல்லாம் கொட்டுமேளம். திடீரென்று வானமாமலை என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"ஏல செல்லப்பாண்டி, மேல பாக்காதல! நான் பாத்துத் தொலைச்சிட்டேன்!"

பார்க்காதே என்றால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? மேகத்துக்கு நடுவே நகத்துண்டு போல இருந்தது. சட்டென்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீ பாத்தியால?"

"இல்ல."

என் பெண்டாட்டி பேராச்சியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அழுது ஊரைக் கூட்டிவிடுவாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் வானமாமலை முதலாளி முன்னால் போய்ச் சட்டையைக் கழற்றினான். மடியை உதறினான்.

"நல்லா சோதிச்சிக்கிடுங்க மொதலாளி. நான் பெறையப் பாத்துட்டேன்."

"என்னடா கூத்து இது? நான் உன்னைக் கேட்டேனா?" என்று முதலாளி சிரித்தார்.

அடுத்த நாளும் கழற்றினான். முதலாளி சிரித்தார். அதற்கடுத்த நாள் சிரிக்கவில்லை, மடியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, என் இடுப்பையும் ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குள் ஊசியாக இறங்கியது. மூடன் அவன், தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறேன் என்று என்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். நானும் சட்டையைக் கழற்றலாம். ஆனால் இத்தனை நாள் கழற்றாதவன் இன்றைக்கு ஏன் கழற்றுகிறான் என்று தோன்றாதா? ராத்திரி தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் போலீஸ் சௌக்கிதான் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒரு கல் காணாமல் போனது.

கடுகளவு வைரம். கல்லைத் தொட்டெடுக்க நுனியில் மெழுகு உருட்டிய குச்சி வைத்திருப்போம். அதில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தோம். பலகை, பாய், பெருக்கின தூசி, எதிலும் இல்லை. முதலாளி எழுந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

வானமாமலை சொல்லாமலே சட்டையைக் கழற்றி நின்றான். அவர் அவனைத் தொடவே இல்லை.

"அவன் தினம் காட்டறான். நீ ஒரு நாளும் காட்டலையே, செல்லப்பாண்டி? கையைத் தூக்கு."

தூக்கினேன். கால் நடுங்கியது. திருடாதவனுக்கு எதற்கு நடுக்கம் என்று அவர் நினைப்பார் என்று நினைக்க நினைக்க இன்னும் நடுங்கியது. பனியனோடு நின்றிருந்த அவர், குனிந்து என் மடியை அவிழ்த்தார். அப்போதுதான் பார்த்தேன். அவருடைய முழங்கையில் ஒரு பொட்டு மெழுகு. மெழுகில் கல். பலகையில் கையை ஊன்றியபோது ஒட்டியிருக்கிறது.

சொன்னால், நீதான் பயத்தில் ஒட்டிவிட்டாய் என்பார். சொல்லாமல் இருந்தால், கல் எங்கேயாவது உதிரும், நான் சௌக்கிக்குப் போவேன். தூக்கின கைகளை இன்னும் உயரமாகத் தூக்கினேன். இரண்டு உள்ளங்கையையும் விரித்தேன்.

"மொதலாளி... ஒங்க மொழங்கையப் பாருங்க. என் கை ரெண்டும் மேலதான் இருக்கு. வானமாமலை சாட்சி."

முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெகு நேரம் கல்லையே பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"சரி. போங்கோ ரெண்டு பேரும்."

வெளியே வந்ததும் வானமாமலைக்கு ஒரே சந்தோஷம். "தோசம் கழிஞ்சிட்டு பாத்தியா!" என்றான். அவனை அறையலாம் போலிருந்தது.

மறுநாள் சாயங்காலம் முதலாளி கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "சட்டையைக் கழட்டுங்கோ. ஆளுக்கு ஒரு நியாயம் வேண்டாம், பாரு" என்றார். அன்றிலிருந்து தினம் அப்படித்தான்.

அடுத்த ஆவணியும் வந்தது. சதுர்த்தி அன்றைக்கு மேகமே இல்லை. முதலாளி என் மடியைத் தடவிக்கொண்டிருந்தபோது மேற்கு ஜன்னலில் பிறை நின்றது. பக்கத்தில் வானமாமலை கண்ணை இறுக மூடிக்கொண்டான். எனக்கு மூடத் தோன்றவில்லை. கையைத் தூக்கியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு நடுங்கத்தான் செய்தது.