நாற்பத்தாறு சொற்களும் நான் சொன்ன பொய்யும்

1

இந்தக் கதை, ஒரு கருத்தரங்கில் செத்துப்போன கட்டுரையிலிருந்து வந்தது. கட்டுரையைக் கொன்றது நான்தான். வேறு யார் தலையிலும் பழி போடப் போவதில்லை.

தொடக்கத்தை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். முதலில் வந்தது இது: “1999 ஜனவரியில் பெங்களூரில் ‘வட்டார மொழிகளும் துறைசார் வழக்குகளும்’ என்ற தலைப்பில் மூன்று நாள் தேசியக் கருத்தரங்கு நடைபெற்றது.” இதற்கு மேல் நீங்கள் படிப்பீர்களா? நானே படிக்க மாட்டேன். இரண்டாம் தடவை, “அம்மா படுத்திருந்த கட்டிலின் எண் பதினேழு” என்று ஆரம்பித்தேன். அழுகை வந்துவிட்டது. மூன்றாம் தடவை, நேரே அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கிவிடலாம் என்று,

“[        ] என்றாள் நோரா,”

என்று எழுதி நிறுத்தினேன். அடைப்புக்குள் இருக்க வேண்டிய சொல்லை எழுத மாட்டேன். கதை முடிகிறவரைக்கும் எழுத மாட்டேன். அச்சுப்பிழை என்று நினைத்துப் பதிப்பாளருக்குக் கடிதம் போட வேண்டாம்.

2

1996 மே மாதம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டு. பெயர் எதற்கு? சிவாஜிநகரிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம் என்பது போதும். பார்வையாளர் நேரம் நான்கு மணியோடு முடியும். நான்கு அடித்ததும் ஆயாக்கள் வந்து, “ஆச்சு ஆச்சு, கெளம்புங்க” என்று எல்லாரையும் விரட்டுவார்கள். மகளாக இருந்தாலும் சரி, புருஷனாக இருந்தாலும் சரி. பன்னிரண்டு நாள் என்னையும் விரட்டினார்கள்.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம், அம்மாவின் படுக்கை விரிப்பை மாற்றிய ஆயா, தள்ளுவண்டியோடு நின்ற இன்னொரு ஆயாவிடம் ஒரு சொல் சொன்னாள். கேட்டால் தமிழ் மாதிரி இருந்தது, ஆனால் புரியவில்லை. கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள் நான், எனக்கே புரியவில்லை. அன்று நான்கு மணிக்கு என்னை யாரும் விரட்டவில்லை. ஐந்துக்கும் விரட்டவில்லை. ஒருத்தி ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள். அம்மாவுக்குக் கூடாது என்று எழுதி மாட்டியிருந்த காபியை இன்னொருத்தி அரை டம்ளர் கொண்டுவந்து, ஸ்பூனால் கொடுக்கச் சொன்னாள். அம்மா இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டு, “சக்கரை கம்மி” என்றாள். ஆறரைக்கு இறந்துபோனாள். அப்போது அவள் கை என் கையில் இருந்தது.

[இங்கே அந்தக் கையைப் பற்றி நாலு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். அது எனக்கு.]

3

இரண்டு வருஷம் கழித்து, முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தேன். என் நெறியாளர் ஆதிகேசவன் சார், “தொழில்வழக்கு எடும்மா மலர், யாரும் தொடாததா எடு” என்றார். யாரும் தொடாதது எது என்று எனக்குத் தெரியும். விரிப்பு மாற்றிய அந்த ஆயாவைத் தேடி மர்பி டவுனுக்குப் போனேன்.

அவள்தான் நோரா. கோலார் தங்கவயல் குடும்பம், இந்த ஊரில் பதினாறு வருஷமாக ஆயா வேலை. தெருக்குழாயில் குடம் வைத்திருந்தாள். நான் சுற்றி வளைக்காமல், “எங்கம்மா கட்டில் பக்கத்துல அன்னிக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டேன்.

நோரா குழாயை மூடினாள். “அதெல்லாம் நெனப்பு வெச்சிக்கினு கீறீங்களா மேடம்?”

அப்புறம் சொன்னாள். “இன்னிக்குப் பொழுது தாண்டாதுன்னு அர்த்தம். அந்தச் சொல்லு உழுந்துச்சின்னா, அந்தக் கட்டிலண்ட யாரும் ரூல்ஸ் பேசக் கூடாது. சொந்தக்காரங்கள தொரத்தக் கூடாது. பேஷண்டு வாய் தொறந்து கேட்டத குடுக்கணும். எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். டாக்டருக்குத் தெரியாது, சிஸ்டருக்குத் தெரியாது. தெரிஞ்சா வுடுவாங்களா?”

அப்படி அவர்களுக்குள் மட்டும் புழங்கிய சொற்கள் நாற்பத்தாறு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஈஜிபுராவிலிருந்து ரத்தினம்மாளும் வருவாள். அவள் நோராவோடு அதே வார்டில் வேலை பார்ப்பவள். தள்ளுவண்டியோடு நின்றது அவள்தான். இருவரும் சொல்லச் சொல்ல, சொல்லுக்கு ஒரு அட்டை என்று எழுதினேன்.

“இத யாரு படிப்பாங்க மேடம்?” என்று ஒருநாள் நோரா கேட்டாள்.

“நாலு புரபசருங்க.”

“புரபசருங்க ஆஸ்பத்திரிக்கி வர மாட்டாங்களா?”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

4

இனி என் தவறு. ஆராய்ச்சி செய்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. திருடனோ சோம்பேறியோ செய்ய மாட்டான். ஒழுங்கான ஆராய்ச்சியாளர்தான் செய்வார்.

கருத்தரங்குக்கு முன்னாலேயே கட்டுரைச் சுருக்கங்களைப் புத்தகமாக அடித்து, பேச வருகிறவர்களுக்கெல்லாம் அனுப்புவது வழக்கம். என் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தேன். “மரணம் நெருங்கிய நோயாளிக்காக மருத்துவமனை விதிகளைத் தளர்த்தச் சொல்லும் ஒரு குறிப்புச் சொல் உட்பட” என்று பெருமையாக ஒரு வரி. கடைசியில் நன்றி: வீட்டில் வைத்துத் தகவல் தந்து உதவிய இருவர், முழுப் பெயர், ஆஸ்பத்திரி, வார்டு எண்.*

(* அடிக்குறிப்பு: தகவலாளிகளைப் பெயர் சொல்லாமல் சுரண்டும் ஆராய்ச்சியாளர்களைத் திட்டி அதற்கு முந்தின வருஷம்தான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். கைதட்டல்கூட வாங்கினேன். இந்தக் கதையில் வரும் பெயர் ஒன்றுகூட உண்மைப் பெயர் இல்லை. என் பெயரும் மலர் இல்லை. பாடம் படித்துவிட்டேன்.)

துறைசார் மொழி பற்றிய கருத்தரங்கு என்பதால் துறைக்கு ஒரு வல்லுநரை அமர்வுத் தலைவராக அழைத்திருந்தார்கள். மருத்துவ அமர்வுக்கு அழைக்கப்பட்டவர் அதே ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளர். புத்தகம் அவர் மேஜைக்குத் தபாலில் போய்ச் சேர்ந்துவிட்டது.

கருத்தரங்கின் முதல் நாள் டீ இடைவேளையில் நோரா வந்து அரங்கு வாசலில் நின்றாள்.

“சூப்பிரண்டு கூப்புட்டாரு மேடம். கையில ஒங்க புக்கு. எம் பேரு, ரத்தினம்மா பேரு, எல்லாம் கீது. நாளைக்கி மீட்டிங்குல ஒங்க ரெண்டு பேருக்கும் சால்வ போத்துறாங்களாம், வாங்க; நாளான்னிக்கி அந்த லிஸ்டோட என் ரூமுக்கு வாங்கன்னாரு.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “நன்றின்னு எழுதி எங்கள ஏன் மேடம் காட்டிக் குடுத்தீங்க?”

நான் வேலை போய்விடுமா என்று கேட்டேன்.

“கெல்சம் போனா வேற கெல்சம். பதினேழாம் கட்டில்ல இப்ப வேற ஒருத்தங்க கீறாங்க. பொண்ணு ஹோசூர்லேர்ந்து டெய்லி வந்து போவுது. அந்தச் சொல்லு வெளிய போச்சின்னா, அந்தப் பொண்ண நாலு மணிக்கி நாங்கதான தொரத்தணும்?”

5

[கண்காணிப்பாளர் என்ற பாத்திரத்தைப் பற்றி ஒரு சந்தேகம்.]

முதல் பிரதியில் அவருக்குக் கரகரத்த குரலும் கெட்ட சிரிப்பும் வைத்திருந்தேன். பொய். மென்மையாகப் பேசுகிற மனிதர். பார்வையாளர்கள் கொண்டுவந்த தொற்றில் ஒரே மாதம் ஆறு நோயாளிகளை இழந்தபிறகு அவர் போட்டதுதான் நான்கு மணி விதி. மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து கன்னடத்தில் கேட்டார்: “அந்தச் சொல்லை எல்லா நர்சுகளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டால், இப்படி விதி மீறுவதை உடனே கண்டுபிடித்துத் தடுத்துவிடலாம், இல்லையா?” உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அவரை வில்லனாக்கினால் கதை எனக்குச் சுலபமாகிவிடும். அவர் பக்கம் நியாயம் இருந்தது. பன்னிரண்டு நாள் அந்த நியாயத்துக்கு நானும் கட்டுப்பட்டவள்தான். ஆனால் பதின்மூன்றாம் நாளை என்னால் விட்டுக்கொடுக்க முடியாது.

6

இரண்டாம் நாள், காலை பதினொன்று நாற்பது. எனக்கு இருபது நிமிஷம். முன்வரிசையில் நோராவும் ரத்தினம்மாளும் யூனிஃபார்ம் புடவையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் தட்டில் இரண்டு சால்வைகள்.

முடிந்தவரை யோசித்திருந்தேன். கட்டுரை வாசிக்காமல் ஓடிப்போகலாம், அச்சில் இருப்பது அச்சில் இருக்கும். அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு வாசிக்கலாம், மறுநாள் கண்காணிப்பாளர் அறைக்குள் வைத்து இவர்களிடம் கேட்பார். கேட்பதற்கு ஒரு சொல்லே இல்லை என்று ஆகிவிட வேண்டும். அதற்கு ஒரே வழிதான் இருந்தது.

அட்டைகளை எடுத்தேன். ரப்பர் பாண்டைக் கழற்றவில்லை.

“இந்த நாற்பத்தாறு சொற்களும் எங்கேயும் வழக்கில் இல்லை. நானே கட்டியவை. களப்பணி சரியாக அமையவில்லை, தேதி நெருங்கிவிட்டது. சொற்களையும் பொருளையும் நான்தான் உண்டாக்கினேன். இந்த இருவருக்கும் இதில் சம்பந்தமில்லை. மன்னியுங்கள்.”

கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அதையே திருப்பிச் சொன்னேன்.   ஆதிகேசவன் சார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். அந்த ‘க்ளிக்’ சத்தத்தோடு என் ஆராய்ச்சிப் படிப்பு முடிந்தது என்று எனக்குப் புரிந்தது. பின்வரிசையில் ஒருவர், சொற்கள் பொய்யானாலும் அவற்றைக் கட்டிய முறையை ஆராயலாமே என்று கேள்வி கேட்டார். கருத்தரங்கு என்றால் இப்படி ஒருவர் இருப்பார்.

கண்காணிப்பாளர் நோராவை நேராகப் பார்த்து, “அப்போ இவங்க எதுக்கு உங்க வீட்டுக்கு வந்தாங்க?” என்று கேட்டார்.

நோரா எழுந்து நின்றாள். நான் அவளிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை. பொய் சொல்லச் சொல்லி அவளைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. அவள் சொல்லவும் இல்லை.

“இவங்க அம்மா எங்க வார்டுலதான் சார் தவறிப்போனாங்க. அவங்கள நெனச்சி அழுவுறதுக்கு வருவாங்க. நாங்க டீ குடுப்போம்.”

அது முழுக்க முழுக்க உண்மை. அவர் நம்பினாரா, நம்பியதாக இருந்துவிட்டாரா? அதை நான் இன்றுவரை முடிவு செய்யவில்லை. மறுநாள் அவர் இவர்களை அறைக்குக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான் தெரியும். வாங்கிவிட்ட சால்வைகள் இரண்டையும் அமர்வுத் தலைவர் என்ற முறையில் அவருக்கே போர்த்தினார்கள்.

7

என் முனைவர் பட்டப் பதிவு ரத்தானது. கருத்தரங்கத் தொகுப்பில் என் கட்டுரை இல்லை. “தரவுகளைப் புனைந்தவர்” என்று எங்கள் வட்டாரத்தில் என்னைச் சொல்வார்கள். புனைந்தவர் என்று பெயர் வாங்கியாகிவிட்டது, புனைந்துதான் பார்ப்போமே என்று கதை எழுத வந்தேன். உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எனக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் ஒருநாள்கூட வருந்தவில்லை.

அன்று மூன்று பேரும் சிவாஜிநகர் வரை ஒரே பஸ்ஸில் வந்தோம்.  இறங்குகிற நேரம் ரத்தினம்மாள் என்னைக் காட்டி நோராவிடம் ஒரு சொல் சொன்னாள். நாற்பத்தாறில் அது இல்லை. நோரா தலையை ஆட்டிச் சிரித்தாள். என் பையில் வெற்று அட்டைகள் இருந்தன, பேனாவும் இருந்தது. நான் அர்த்தம் கேட்கவில்லை.

முடிவுக்கு இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். ஒன்றில் நான் மேடையில் சொன்னது பொய். மற்றதில் நான் மேடையில் சொன்னதுதான் மெய், இந்தக் கதை மொத்தமும், பறிபோன மானத்துக்குப் பூசிய வர்ணம். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். இது கதை, யாரும் இதைக் கொண்டுபோய் எந்த மேஜையிலும் சாட்சியாக வைக்க முடியாது. அதற்காகத்தான் கதையாக எழுதினேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என்றைக்காவது நீங்கள் ஒரு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, விரிப்பு மாற்றுகிறவள் உங்களுக்குப் புரியாத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போகலாம். மணி நான்கு அடிக்கும். உங்களை யாரும் விரட்ட வர மாட்டார்கள்.

அர்த்தம் கேட்காதீர்கள். ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு,