எட்டாம் வகுப்புக்கு யார் போவது

யாராவது விடுப்பில் போனால் அந்த வகுப்புக்கு இன்னொருவரை அனுப்புவது கணக்கு டீச்சரின் பொறுப்பு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பள்ளிக்கே நர்ஸ் வருகிறார் என்றதும் ஏற்பாடும் அவர் தலையில் விழுந்தது. ஆசிரியைகள் ஒவ்வொருவராக முதலுதவி அறைக்குப் போனார்கள். அவர்களின் வகுப்புக்கெல்லாம் கணக்கு டீச்சரே போய் நின்றார், ஓவிய வகுப்பு உட்பட.

தியாகம் என்று தலைமையாசிரியை பாராட்டினார். தியாகமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. கொஞ்ச நாளாக மாதவிலக்குக்கு நடுவிலும் அவருக்கு ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. அந்த அறைக்குப் போனால் அது என்னவென்று சொல்லிவிடுவார்கள். வகுப்பில் நின்றால் சொல்ல ஆளில்லை.

மதியம் எட்டாம் வகுப்பில் நின்றிருந்த கணக்கு டீச்சரை உடற்பயிற்சி டீச்சர் வராந்தாவுக்கு இழுத்தார். கழுத்தில் எந்நேரமும் விசில், பட்டப்பெயரும் அதுதான்.

"எல்லாரும் போயிட்டு வந்தாச்சு. நர்ஸ் பையைக் கட்டுறாங்க. நீ?"

"எனக்கு கிளாஸ் இருக்குடி. அடுத்த தடவை பாக்கலாம்."

"ஒரே மாசத்துல ரெண்டு தடவை எங்கிட்ட நாப்கின் கேட்ட. கணக்கு உனக்கு மட்டும்தான் வருமா?"

கணக்கு டீச்சர் சாக்பீஸை விரலில் உருட்டினார். "ஏதாவது இருந்துச்சுன்னா?"

"இருந்தா இப்பவும் இருக்கும். நீ போகலைன்னா அது போயிடுமா?"

"வலிக்குமா?"

"ஒரு மாதிரியா இருக்கும். நம்ம ஸ்டாஃப் மீட்டிங் அளவுக்கு இல்ல. சீக்கிரமும் முடிஞ்சிடும்."

சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டு விசில் உள்ளே போனார். மைதானம் என்று நினைத்து வகுப்பே மேஜையைத் தட்டியது.

"கத்தாதீங்க! யாரும் கிரவுண்டுக்குப் போகலை. பின்னம் நடத்தப் போறேன்."

முதலுதவி அறையில், கட்டிய பையை நர்ஸ் மறுபடி பிரித்தார். மாதிரி எடுத்த பிறகு, ரத்தம் படுவதைக் கணக்கு டீச்சர் சொன்னதும் நிமிர்ந்தார்.

"இதோட விட்டுடாதீங்க. டாக்டர் நேர்ல பாக்கணும். நாளைக்கே போங்க."

"நாளைக்கு எட்டாம் வகுப்புக்கு..."

"கிளாஸுக்கு வேற ஆள் போகலாம் டீச்சர். இதுக்கு நீங்கதான் போகணும்."

போனார். டாக்டர் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். செல்கள் மாறத் தொடங்கியிருந்தன, இன்னும் புற்றுநோயாகவில்லை. விட்டிருந்தால் ஆகியிருக்கலாம். அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கட்டாயம் வரச் சொன்னார்கள்.

பள்ளிக்குத் திரும்பியதும் எட்டாம் வகுப்பு நோட்டுகளைப் பிரித்தார். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டாம். வகுப்பு மொத்தமும் அப்படியே எழுதியிருந்தது.

"பி.டி. மிஸ் சொல்லிக் குடுத்தாங்க மிஸ்!"

இடைவேளையில் விசிலைப் பிடித்தார்.

"அரையோட இன்னொண்ணைக் கூட்டினா அரையை விடக் குறையுமாடி?"

"உன்னை அனுப்பணும்னு உள்ள போனேன். கணக்கு வரும்னு சொன்னேனா?"

"ஆறு மாசத்துல மறுபடி போகணும்."

"போ. நான் பாத்துக்கறேன்."

"கண்டிப்பா போவேன். ஆனா எட்டாம் வகுப்புக்கு நீ வேணாம் தாயே, ஓவிய டீச்சர்கிட்ட இப்பவே சொல்லி வெச்சுட்டேன்."