மேஸ்திரி என்ற தேரையும் நான் வெட்டிய வரியும்

1

இந்தக் கதை ஒரு துண்டுப்பிரசுரமாகப் பிறந்தது. எழுதியவன் நான். அதில் நான் வெட்டிய ஒரு வரியால் தேரை ஒன்று செத்துப்போனது. இதை மறைத்துவைத்துக் கடைசியில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த வித்தை எனக்கு நன்றாகவே வரும். வெட்கமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

2

வானகரத்தில் மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், லோகநாயகி—

(மழையெல்லாம் இல்லை. மார்ச் மாத வெயில். மறுபடி தொடங்குகிறேன்.)

லோகநாயகி என் பக்கத்து வீட்டுக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் பன்னிரண்டு வருடம் லேத் ஓட்டியவர், இப்போது பள்ளிகளுக்கு உயிரினங்களை எடுத்துப்போய்ப் பாடம் நடத்துகிறார். நத்தை, மண்புழு எல்லாம் காட்டியாயிற்று. அடுத்தது இருவாழ்வி. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் ரொம்பக் கறாராக இருந்தார்.

"கரண்ட் போனாலும் சாவக் கூடாது. பசங்க கூவினாலும் சாவக் கூடாது. முப்பது பேரு தொட்டாலும் அது பாட்டுக்குக் குந்திகினு இருக்கணும்ணா."

வளர்ப்பு மீன்கடையில் காட்டிய, பல்லி போலிருக்கும் மெக்சிகோ ஆக்சலாட்டிலுக்கு எந்நேரமும் குளிர்ந்த தண்ணீர் வேண்டுமாம். வெளிநாட்டுக் கொம்புத்தவளை விரலைக் கடித்தது. மரத்தவளை ட்யூப்லைட்டுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. கடைசியில் ஜெயித்தது அவர் வீட்டுத் தொட்டியோரத்தில் கிடந்த தேரை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரார் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதற்கு மேஸ்திரி என்று பெயர்.*

* இந்தப் பெயரை நான் வைத்ததாக முதல் பிரதியில் எழுதியிருந்தேன். பொய்.

3

பாடத்துக்கு முன் பள்ளிகளுக்குக் கொடுக்கும் பிரசுரத்துக்கு லோகநாயகி சொன்ன வரி இது:

"தொடுறதுக்கு முன்னாடி வெறுந்தண்ணில கைய நனைச்சுக்கணும். சோப்பு கூடாது. சானிடைசர் கூடவே கூடாது, அது தோலாலதான் தண்ணி குடிக்குது. தொட்டப்புறம்தான் சோப்பு."

நான் அச்சுக்குக் கொடுத்தது:

'தொடும் முன் கைகளைச் சுத்தம் செய்துகொள்ளவும்.'

சிக்கனமாக இருக்கிறது என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

4

வேலப்பன்சாவடிப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு ஆசிரியை சிம்ரன். லோகநாயகி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஆளுக்கு இரண்டு சொட்டு சானிடைசர் விட்டுவிட்டார். அது தெரியாமல் லோகநாயகி எல்லாரையும் தொடவிட்டார். மறுநாள் மேஸ்திரி செத்துக் கிடந்தது.

சிம்ரனை அலட்சியக்காரியாக எழுதிப் பார்த்தேன். கதை சுலபமாக ஓடியது. ஆனால் அந்தப் பள்ளியில் என் பிரசுரத்தை முழுதாகப் படித்தவரே அவர் ஒருவர்தான். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

5

லோகநாயகி போனில் சொன்னார்: "ஆக்னஸ்னு ஒரு பொண்ணு கீதுண்ணா. மேஸ்திரி மேல ஆசையில சானிடைசர ரெண்டு தரம் தேய்ச்சுகினுச்சாம். எப்டி செத்துச்சுன்னு யாரோ சொல்லிட்டாங்க. ஒரு வாரமா கைய பாக்கெட்டுல வெச்சுகினே கீது. தம்பிப் பாப்பாவக்கூடத் தொட மாட்டேங்குது."

முடிவு அ: அதே அளவில் வேறொரு தேரையைக் கொண்டுபோய், இதுதான் மேஸ்திரி, பிழைத்துவிட்டது என்கிறோம். ஆக்னஸ் சிரிக்கிறாள். (தேரைகள் நமக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். எழுதவும் முடிகிறது. செய்ய முடியவில்லை.)

முடிவு ஆ: லோகநாயகி பெரிய மனதுடன் பழியைத் தான் ஏற்றுக்கொண்டு—

"நான் ஏன் சொல்லணும்?" என்றார் லோகநாயகி. "எழுதுனது நீ. நீயே வந்து சொல்லு."

6

போனேன். சிம்ரன் மிஸ் ஆக்னஸை வராந்தாவுக்கு அழைத்துவந்தார். கைகள் பாவாடைப் பையில் இருந்தன. நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"மேஸ்திரி செத்தது உன்னால இல்லம்மா. என்னாலதான்."

"நீங்க தொட்டீங்களா?"

"இல்ல. நான் எழுதுனேன். எழுத வேண்டியத எழுதாம விட்டுட்டேன்."

"எழுதுனா செத்துப்பூடுமா?"

இதற்கு எட்டு வயதுக்குப் புரிகிற பதில் உங்களிடம் இருந்தால் கீழே எழுதுங்கள், இடம் விட்டிருக்கிறேன். ஆக்னஸ் கையை இன்னும் வெளியே எடுக்கவில்லை.

..................................................