பச்சைப் புள்ளி

அந்த வருடம் குலுக்கலில் என் புருஷன் வேர்னுக்கு குதிரை உயரமுள்ள எல்க் மானில் ஆணைச் சுடுகிற உரிமம் விழுந்தது. வயோமிங்கில் மனிதர்கள் பாதி ஆயுள் காத்திருக்கிற சீட்டு அது. அதே வருடம்தான் சர்க்கரை நோய் அவனுடைய இடது கண்ணைத் தின்று தீர்த்தது. வலது கண்ணைப் பற்றி டாக்டர் பூசி மெழுகாமல் சொன்னார்: “துப்பாக்கி ஒவ்வொரு தடவை உதைக்கும்போதும் கண்ணுக்குள்ள ரத்தம் கசியலாம். சுடாதீங்க.” அது வேர்னின் காதில் “ஒரே ஒரு தடவை சுடலாம்” என்று விழுந்தது. பிடிவாதத்தில் எங்கள் கோவேறு கழுதை அவனிடம் பிச்சை வாங்க வேண்டும்.

மங்கிய கண்ணுக்காகத் துப்பாக்கியில் குறி பார்க்கிற தொலைநோக்கி, பெரிய ஸ்கோப் ஒன்றை மாட்டியிருந்தான். புதிதாக மாட்டினால், குண்டு எங்கே போகிறது என்று தாளில் பல தடவை சுட்டுச் சரிபார்க்க வேண்டும். அவனிடம் இருந்ததோ ஒரே ஒரு தடவை. சுடாமலே சரிபார்க்க ஒரு லேசர் வாங்கலாம் என்று ரஸ்டியின் துப்பாக்கிக் கடைக்குப் போனோம்.

ரஸ்டி இரண்டு வகையை எடுத்து வைத்தான். “இது குழல் வாயில சொருகுறது. எடுக்க மறந்துட்டுச் சுட்டீங்கன்னா மூஞ்சியே இருக்காது. இது தோட்டா மாதிரி, உள்ள போடுறது. இது இருக்கிற வரைக்கும் நிஜத் தோட்டா போட இடமில்ல.”

“உள்ள போடுறதே குடு. இவளுக்கு என் மூஞ்சி வேணுமாம்” என்றான் வேர்ன்.

ரஸ்டி எதிர்ச்சுவரில் சிவப்பு ஒளியை அடித்துக் காட்டினான்.

“பேட்டரி செத்துப்போச்சாடா?” என்று கேட்டான் வேர்ன்.

சுவரில் புள்ளி பளிச்சென்று இருந்தது. ரஸ்டி என்னைப் பார்த்தான். “பகல்ல சிவப்பு சரியாத் தெரியாது. பச்சை எடுத்துக்கங்க” என்றான் ரஸ்டி. “ஆனா ஒண்ணு, லேசர் காட்டுறது குழல் பாக்குற இடம்தான், குண்டு போய் விழுற இடமில்ல. கடைசியா ரெண்டு குண்டாவது சுட்டுப் பாக்கணும்.”

“நான் சுட்டுப் பாக்குறேன்” என்றேன்.

“என் துப்பாக்கிய நான் தவிர யாரும் தொடக்கூடாது.”

“ஆமா, கல்யாணம் பண்ணது அதைத்தானே!”

ரஸ்டி சிரித்தான். வேர்ன் சிரிக்கவில்லை. பச்சையை வாங்கிக்கொண்டு வந்து, கொட்டகைச் சுவரில் புள்ளியை அடித்து, ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கம்பியைத் தானே அதன் மேல் பொருத்தினான்.

பனி விழுந்த மறுநாள் காலை மலைச்சரிவில் பெரிய கொம்புகளோடு ஆண் எல்க், ஒரு கொம்பன், வந்து நின்றது. வேர்ன் பையின் மேல் துப்பாக்கியை வைத்து, படுத்துக்கொண்டு சுட்டான். கொம்பன் முதுகை வளைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றது.

“விழுந்துச்சா?”

வெள்ளைப் பனியில் அவ்வளவு பெரிய உருவம் எதிரே நிற்கிறது, கேட்கிறான்.

“விழல. வயித்துல பட்டிருக்கு.”

மறுபடி ஸ்கோப்பில் கண்ணை வைத்தான். எடுத்தான், தேய்த்தான். “கறுப்பு நூல் நூலா ஓடுது, டார்லா.”

குடல் கிழிந்த மிருகத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவன் எங்கள் ஊரில் மனிதனே இல்லை. வேர்ன் துப்பாக்கியை என் பக்கம் தள்ளினான். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை.

தோளுக்குப் பின்னால் பார்த்துச் சுட்டேன். பார்த்த இடத்திலேயே பட்டது. கொம்பன் மடங்கி விழுந்தது. துப்பாக்கியிலும் கோளாறில்லை, லேசரிலும் கோளாறில்லை.

“எங்க பாத்துச் சுட்டே?” என்றான்.

அவன் எதைக் கேட்கிறான் என்று தெரியும். உண்மையைச் சொன்னால், குறி தப்பியதற்குப் பழி போட மிச்சம் இருப்பது அவன் கண் ஒன்றுதான்.

“கழுத்தைப் பாத்து.”

“எங்க பட்டுச்சு?”

“தோளுக்குப் பின்னாடி.”

பெருமூச்சு விட்டான். “பாத்தியா! பின்னாடி தள்ளுது. நான் தோளைத்தான் பாத்தேன், வயித்துல போச்சு. அந்த லேசரை ரஸ்டி மூஞ்சிலயே விட்டெறியுறேன். என் கண்ணுல ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்ல” என்றேன்.

சந்தோஷமாக எழுந்து, கொம்பன் கிடக்காத பக்கமாக நடக்க ஆரம்பித்தான்.