டீச்சர் டிக் போட்ட நோட்டு

மறுநாள் அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் செல்வமணி டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ் நோட்டு நாற்பதும் திருத்தாமல் கிடந்தன. என்ன செய்வார்? ஊர் உலகத்து டீச்சரெல்லாம் செய்வதைத்தான் செய்தார். ஒரே பீரியடில் மளமளவென்று டிக், தேதி, கையெழுத்து. அதிகாரி பார்ப்பது சிவப்பு மையைத்தான்; பிள்ளைகள் எழுதியதை எவர் பார்க்கிறார்!

ஆய்வன்று பிள்ளைகள் நோட்டை வாங்கி மேஜையில் விரித்து வைத்தார்கள்; ஆய்வு நல்லபடியாக முடிந்து நோட்டெல்லாம் அலமாரிக்குத் திரும்பின. அடுத்த வாரம், "சினேகா ஏன் வரலை?" என்று டீச்சர் வகுப்பில் கேட்டார்.

"அவளுக்குப் போன வெள்ளிக்கிழமை கல்யாணம் ஆயிருச்சு டீச்சர், அவ தாய்மாமனோட."

பதினாலு வயசுப் பிள்ளைக்கு! போன வருஷம் இப்படி இரண்டு கல்யாணத்தைக் குழந்தைகள் உதவி எண்ணுக்கு போன் போட்டு நிறுத்தியவர் டீச்சர். "ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்று வகுப்பின்மேல் பாய்ந்தார். பிறகு அலமாரியில் கிடந்த அவள் நோட்டைப் புரட்டினார்.

கடைசிப் பக்கத்தில் 'ஹார்க்கன்' என்ற பழைய இங்கிலீஷ் சொல். அதற்கு நிகரான சொற்களை வைத்துச் சொந்தமாக வாக்கியம் எழுதச் சொன்ன வீட்டுப்பாடம். சும்மா காதில் விழுவது வேறு, மனசில் வாங்கி அதன்படி நடப்பது வேறு. ஹார்க்கன் இரண்டாவது ரகம் என்று அவர்தான் விளக்கியிருந்தார். மற்றதுகள் கைடைப் பார்த்துக் காப்பியடித்திருந்தன. இவள் மட்டும் தப்பும் தவறுமான இங்கிலீஷில் சொந்தமாய் எழுதியிருந்தாள். தமிழில் சொன்னால் இப்படி:

என் அழுகை அம்மா காதில் விழவில்லை. அப்பா என் பேச்சைக் கேட்கவில்லை. மாமா யாருக்கும் செவிசாய்க்க மாட்டார். வெள்ளிக்கிழமை கல்யாணம், யாரும் கவனிக்கவில்லை. என் டீச்சர் எனக்குச் செவிமடுப்பார்.

ஐந்துக்கும் டிக். கீழே 'வெரி குட்', கையெழுத்து, புதன்கிழமைத் தேதி.

பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்று மாலையே மாமன் ஊரான கடமலைக்குண்டுக்கு பஸ் ஏறினார். பஸ்ஸிலிருந்தே அந்த உதவி எண்ணுக்கு போன் அடித்தார். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

மாமன் வீட்டு வாசலில் சினேகா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு புதுசாக இருந்தது.

"தாயி, நான்..." டீச்சர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

சினேகா கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"டிக் போட்டிருந்தீக டீச்சர். வாசிச்சிட்டீக, எப்பிடியும் வந்துருவீகன்னு, தாலி கட்டுற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்."