ஏ.டி.எம். வரைக்கும்

கார்டு மெஷின் வந்த அன்று எங்கள் பாரில் முணுமுணுத்தவர்கள் நிறையப் பேர். சண்டை போட்டவன் ஒருத்தன்தான். அவன் என் தம்பி.

என் கடை தெருமுக்கில் இருக்கிற சின்ன பீர் பார். நீளமாக ஒரு மேடை, அதற்கு முன்னால் உயரமான ஸ்டூல்கள், சுவரோரம் கொஞ்சம் மேஜைகள், பீர் குழாய்களுக்குப் பின்னால் நான். கல்லாவுக்கு மேலே 'ரொக்கம் மட்டும்' என்று ஒரு பலகை. கடையை நான் வாங்கும்போதே அது அங்கே தொங்கியது. தூசி தட்டினதோடு சரி, அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

யோசிக்க வைத்தது எதிரே முளைத்த ஆபீஸ் கட்டடம். அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் சாயங்காலமானால் கும்பலாகக் கதவைத் திறந்து, "கார்டு எடுப்பீங்களா?" என்பார்கள். நான் பலகையைக் காட்டினதும் வந்த வழியே போய்விடுவார்கள். எனக்கு வயிறு எரியும். பேங்கிலோ, ஈரக் கையால் வாங்கிப் போட்ட நோட்டுகளை நீட்டினால், கவுன்ட்டரில் இருக்கிற பெண் செத்த எலியைப் பார்த்த மாதிரி முகத்தைச் சுளிப்பாள். போதும்டா சாமி என்று மெஷினுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

முணுமுணுத்தவர்களில் முதல் ஆள் மீட்டர். டாக்சி ஓட்டுகிறவர். பேச ஆரம்பித்தால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பார் என்பதால் அந்தப் பெயர்.

"குடியைக் கெடுத்துட்டீங்களேக்கா! இதுல தேய்ச்சா என் வீட்டுக்காரி போனுக்கு மெசேஜ் போகும்!"

"ஏன், நீங்க குடிக்கிறது அவங்களுக்குத் தெரியாதா?"

"குடிக்கிறது தெரியும். எத்தனைன்னு தெரியாது."

கடையே சிரித்தது. சிரிக்காதவன் என் தம்பி மட்டும்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நாற்பதைத் தாண்டிவிட்டான், கல்யாணம் ஆகவில்லை. அவன் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் நான் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்ப்பேன். அப்பேர்ப்பட்டவன் அன்று மேடையில் ஓங்கித் தட்டினான்.

"திருப்பிக் குடுத்துடு அக்கா. ரொக்கம்னா ரொக்கம்தான். கடைக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

"அடடே, நீயாடா மரியாதையைப் பத்திப் பேசுற? வெள்ளிக்கிழமை ஆனா பாக்கெட்டைத் தடவிட்டு 'ஐயோ, காசு மறந்துட்டேன்'னு மேடேறி ஏ.டி.எம்.முக்கு ஓடுறவன் நீ. உன் காலுக்கும் சேர்த்துதான்டா இதை வச்சிருக்கேன்!"

"என் காலைப் பத்தி யாரும் கவலைப்பட வேண்டாம்!" என்று கத்திவிட்டுச் சட்டைமேல் போட்டிருந்த கோட்டைக் கழற்றி மேடைமேல் எறிந்தான். உள்ளே இருந்து பர்ஸ் நழுவி வெளியே வந்து விழுந்தது. வாயைப் பிளந்துகொண்டு விழுந்தது. உள்ளே கத்தையாக நோட்டு.

காசை மறக்கிறவன் பர்ஸ் இப்படியா இருக்கும்? நான் பர்ஸைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன். அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன. கையைப் பிடித்துத் தரதரவென்று பின்னால் பீப்பாய்கள் அடுக்கியிருக்கிற அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"சொல்லு. காதுல பூ சுத்தாதே. காசை வச்சுக்கிட்டே எதுக்குடா அங்க போற?"

ஒரு பீப்பாயின் மூடியை நகத்தால் சுரண்டினான். அப்புறம் சொன்னான்.

"டாக்டர் கூட."

டாக்டர் என்றால் டாக்டர் இல்லை. மருந்துக்கடை மாடியில் இருக்கிற லேபில் பல் செட் செய்கிற பெண்மணி. "நான் டாக்டர் இல்லீங்க, பல்லு மட்டும்தான் செய்வேன்" என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவார். அதற்காகவே எல்லாரும் டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். விவாகரத்து ஆகித் தனியாக இருக்கிறார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் வருவார், ஒரு கிளாஸ் குடிப்பார், போவார். முதல் தடவை வந்தபோது கார்டை நீட்டினார். நான் பலகையைக் காட்டினேன். ஏ.டி.எம். எங்கே என்றார். போகிற வழியில் தெருவிளக்கு எரியாததால், "டேய், கூடப் போய்க் காட்டிட்டு வா" என்று இவனை அனுப்பினதே நான்தான். அதற்கப்புறம் வாராவாரம் இரண்டு பேருக்கும் ஒரே மறதி. நான் பாட்டுக்கு நுரை வழியாமல் ஊற்றுவதிலேயே குறியாக இருந்திருக்கிறேன், மக்கு!

"அதுக்கு ஏன்டா ஏ.டி.எம்.? இங்கேயே பக்கத்துல உட்கார்ந்து பேசலாம்ல?"

"இங்க எனக்குப் பேச்சே வர மாட்டேங்குது. நீ பாக்குற. மீட்டர் பாக்குறாரு. நடக்கும்போது யார் மூஞ்சியையும் பாக்க வேண்டாம். தானா வருது."

"அப்படி என்னதான் பேசுவ?"

"லிஃப்ட் பத்தி."

தலையில் அடித்துக்கொண்டேன். "அவங்க?"

"பல்லு பத்தி." கொஞ்சம் நிறுத்தினான். "போன வாரம் அவங்க அம்மாவைப் பத்திச் சொன்னாங்க. லேசா அழுதாங்க. நான் ஏ.டி.எம்.மைத் தாண்டியும் நடந்துட்டே இருந்தேன்க்கா. அவங்களும் ஒண்ணும் சொல்லல."

 அப்பா அம்மா போனபிறகு இவனுக்கு நான், எனக்கு இவன். இவன் ஒருத்தரோடு நடந்துகொண்டே இருந்தான் என்று கேட்கவே நன்றாக இருந்தது. கூடவே என்மேல் எனக்கே ஆத்திரமாகவும் வந்தது.

"நேரா கேட்டுடேன்டா. 'வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்'னு."

"முடியாதுன்னுட்டாங்கன்னா? அப்புறம் வெள்ளிக்கிழமையும் போயிடும். எனக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான்." சட்டென்று என் கையைப் பிடித்தான். "நீ அவங்ககிட்ட எதுவும் சொல்லக் கூடாது. இப்படி நான் சொன்னேன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். பழக்கதோஷத்தில் கைப்பையைத் தடவி, "அச்சச்சோ, காசு..." என்று ஆரம்பித்தார். பக்கத்து ஸ்டூலில் இருந்த ஆபீஸ் பெண், "இப்ப கார்டு எடுக்குறாங்க மேடம்!" என்று புது மெஷினைக் காட்டினாள். டாக்டர் மெஷினைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். அவனோ, வாயைத் திறக்கப் பயந்து, டி.வி.யில் ஓடிய ஏதோ ஒரு சோப்பு விளம்பரத்தைப் பரீட்சைக்குப் படிப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் கார்டை வைத்தார். மெஷின் பீப் என்றது. பாதி கிளாஸை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வரவே இல்லை.

கடை என்னவோ நிரம்பி வழிந்தது. ஆபீஸ் பிள்ளைகள் கார்டும் கையுமாக நின்றார்கள். மீட்டர்கூட வீட்டில் என்ன பஞ்சாயத்து பேசினாரோ, அவர் பெயரில் ஒரு கார்டு வாங்கிக்கொண்டு வந்து, எல்லாருக்கும் முன்னால் மெஷினில் தேய்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். என் தம்பி மட்டும் கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தான். ஊரில் மாட்டிக்கொண்ட லிஃப்டையெல்லாம் இறக்குகிறவன், தானே இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். எனக்குத் தாங்கவில்லை. அந்த மெஷினைத் தூக்கி பீர் வாளிக்குள் போடலாமா என்றுகூடத் தோன்றியது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கதவு திறந்தது. டாக்டர். நேராக என்னிடம் வந்தார். தம்பி மேடையின் அந்தக் கோடியில் இருந்தான், கேட்கிற தூரம் இல்லை. கிளாஸை வாங்கிக்கொண்டவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேட்டா தப்பா நினைச்சுக்க மாட்டீங்களேக்கா?"

"கேளுங்க."

"இந்த மெஷின்... உங்க தம்பி சொல்லித்தான் வச்சீங்களா?" துடைக்கிற மாதிரி கிளாஸை விரலால் தடவினார். "வாராவாரம் என்னைக் கூட்டிட்டுப் போறது அவருக்குத் தொந்தரவா இருந்திருக்கும். நேர்ல சொல்லச் சங்கடப்பட்டிருப்பாரு. பாவம், நல்ல மனுஷன். அதான் போன வாரம் வரல. சரி, ஒரு தேங்க்ஸாவது சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

எனக்குப் பகீரென்றது. தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போவதா? அப்படியென்றால் இதுதான் கடைசி. வாய்வரை எல்லாம் வந்துவிட்டது. சத்தியம் குறுக்கே நின்றது. அவன் சொன்னதைச் சொல்லக் கூடாது, சரி. கடையில் ஊரே பார்க்க நடந்ததைச் சொல்லக் கூடாது என்று எவன் சொன்னான்?

"என் தம்பியா?" என்றேன். "டாக்டரம்மா, இந்த மெஷின் வந்த அன்னைக்கு முணுமுணுத்தவங்க நிறையப் பேர். திருப்பிக் குடுன்னு ஒத்தைக் கால்ல நின்னு என்கூடச் சண்டை போட்டவன் ஒருத்தன்தான். யாருன்னு நினைக்கிறீங்க?"

அவர் கை கிளாஸிலேயே நின்றது. மெதுவாகத் தலையைத் திருப்பி அந்தக் கோடியைப் பார்த்தார். தம்பி அவசரமாக டி.வி.க்குத் திரும்பினான். டி.வி.யை நான் அணைத்து வைத்திருந்தேன், அவனுக்கு அதுகூடத் தெரியவில்லை.

டாக்டர் கார்டை எடுத்தார். மெஷினுக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகவில்லை. மேடைமேல் வைத்துவிட்டு, கடைக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"அக்கா, என் கார்டு இன்னைக்கு வேலை செய்யாது போல இருக்கே!"

மீட்டர் துள்ளி எழுந்தார். "அதனால என்ன மேடம்! நம்ம கார்டு இருக்கு, நான் குடுத்துடறேன்!"

கடவுளே, இந்த மனுஷனுக்கு இன்றைக்கா தாராள மனசு வரவேண்டும்! மேடைக்குக் கீழே இருந்த ப்ளக்கைக் காலாலேயே இழுத்தேன். மெஷின் விளக்கு அணைந்தது.

"மெஷினே செத்துப்போச்சு," என்றேன். "யார் கார்டும் வேலை செய்யாது. ரொக்கம் மட்டும்!"

ஆபீஸ் பிள்ளைகள் அலறினார்கள். "அக்கா, எங்ககிட்ட காசே இல்லையே!" "ஏ.டி.எம். எந்தப் பக்கம்க்கா?" நாலைந்து பேர் கோட்டு மாட்டிக்கொண்டு எழுந்தே விட்டார்கள். விட்டால் ஊர்வலமே கிளம்பிவிடும்.

"எல்லாரும் உட்காருங்க! நாளைக்குக் குடுத்தா போதும்."

"அப்ப டாக்டரும் நாளைக்குக் குடுக்கலாம்ல?" என்றார் மீட்டர்.

"அவங்க மட்டும் இன்னைக்கே குடுக்கணும். அது அப்படித்தான்." நான் மேடையின் அந்தக் கோடிக்குத் திரும்பினேன். "டேய்! உன்கிட்ட காசு இருக்கா?"

கடையே அவனைப் பார்த்தது. அவன் டாக்டரைப் பார்த்தான். நேராக, முகத்தை. பர்ஸை எடுத்து, என் கண்ணெதிரே அத்தனை கனமான பர்ஸை மேடைமேல் வைத்தான்.

"இல்லக்கா. மறந்துட்டேன்."

"நானும்தான்," என்றார் டாக்டர். சிரிப்பை அடக்கவே இல்லை. "வாங்க, ஏ.டி.எம். வரைக்கும் போயிட்டு வரலாம்."

கதவு அவர்களுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தெருவிளக்கு இன்னும் சரியாகவில்லை, நல்லவேளை. மேடேறும்போது என் தம்பி கையை ஆட்டி ஆட்டி என்னவோ பேசிக்கொண்டு போனான். அவன் அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை நுரை துடைக்கிற துணியால் துடைத்துக்கொண்டேன்.

"அக்கா!" மீட்டர் மேடையைக் காட்டினார். டாக்டரின் கார்டு அங்கேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில் என் தம்பியின் பர்ஸ். "ரெண்டு பேரும் ஏ.டி.எம்.முக்கு எதை வச்சு போறாங்க? நான் ஓடிப்போய்க் குடுத்துட்டு வந்துடறேன்!"

"அசைஞ்சீங்க, உங்க வீட்டுக்கு நானே மெசேஜ் அனுப்புவேன். உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். இரண்டையும் எடுத்துக் கல்லாவில் ஒன்றாகப் போட்டு மூடினேன். குனிந்து ப்ளக்கைத் திரும்ப மாட்டினேன்.

"மெஷின் சரியாயிடுச்சு," என்றேன். "அடுத்து யாருக்கு என்ன வேணும்?"