சம்மணம்

ஐந்தரைக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். பாயை விரித்தான். இடது முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி அதை அழுத்தினான். பத்து எண்ணினான். இருபது தடவை. பிறகு கணுக்காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டு காலை நீட்டியபடியே தூக்கி இறக்கினான். கடைசியாகக் குதிகாலைத் தரையோடு இழுத்து முட்டியை மடக்கினான். வலிக்கிற இடம் வந்ததும் நின்று, இன்னும் ஒரு விரற்கடை இழுத்தான். பால் ஆறிப்போயிருந்தது. குடித்தான்.

அறிவழகன் கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் நூலகர். அவனும் மனைவி வினோதினியும் ஆளுக்கொரு சைக்கிளில் போனபோது நடந்த விபத்தில் அவள் இறந்தாள்; அவனுக்கு முட்டிச் சில்லு உடைந்தது. பதினொரு மாதமாக இதுதான் காலை.

சாயங்காலம் பிசியோதெரபி பார்க்கும் தேவசகாயம் இஞ்ச் டேப்பால் இரண்டு தொடையையும் சுற்றி அளந்தார்.

"நாலு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்துச்சு. இப்ப ஒண்ணரை. ரெண்டு காலும் ஒரே ஆளோடதுன்னு இப்பதான் சார் நம்புறேன்."

"எவ்வளவு மடங்குது?"

"நூத்திப் பத்து டிகிரி. சைக்கிள் மிதிக்க இது போதும். எதுக்கு இந்த அவசரம்?"

"வியாழக்கிழமை தலை திவசம். சம்மணம் போட்டு உக்காரணும்."

தேவசகாயம் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

உட்காருவதைவிடப் பெரிய பயம் ஒன்று அவனுக்கு இருந்தது. விபத்து நடந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட காலோடு கிடந்தவனிடம் மாமியார் கொளஞ்சியம்மாள் வந்து, "கடைசியா எதாவது சொன்னாளா மாப்ள?" என்று கேட்டாள். "அம்மான்னு கூப்ட்டா அத்த. என் மடியிலதான் உசுரு போச்சு" என்றான். யோசிக்காமல் வாயில் வந்த பொய். அவன் அவள் பக்கத்திலேயே இல்லை. ஆனால் மாமியார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். துக்கம் கேட்க யார் வந்தாலும், "மாப்ள, நீங்களே சொல்லுங்க" என்பாள். அவனும் சொல்வான். திவசத்துக்கு மொத்தச் சொந்தமும் வரும். எல்லார் முன்னாலும் மறுபடி சொல்ல வேண்டும்.

புதன்கிழமை சிதம்பரம் பஸ்ஸில் காலை நீட்டி உட்கார்ந்தான்.

"கால மடக்கு சார், ஆளுங்க போவணும்ல" என்றார் கண்டக்டர்.

"மடங்காதுண்ணே."

"அப்ப காலுக்குத் தனியா ஒரு டிக்கெட் எடு."

மாமியார் வீட்டில் சாப்பாடு முடிந்ததும் கொளஞ்சியம்மாள் பாயைப் போட்டாள்.

"நாளைக்கு ஐயரு ஒரு மணி நேரம் உக்கார வெச்சிடுவாரு. ஒருக்கா உக்காந்து பாருங்க மாப்ள."

சுவரைப் பிடித்து இறங்கினான். வலது கால் மடங்கிக்கொண்டது. இடது கால் பாதியில் நின்றது. இரண்டு கையாலும் அழுத்தினான். நெற்றி வியர்த்தது.

"வுடுங்க, வுடுங்க. நாற்காலி போட்டுக்கலாம். அவ கோச்சுக்க மாட்டா."

நல்லெண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்து முட்டியில் தேய்த்தாள். தழும்பின்மேல் விரல் போயிற்று. தோலுக்கடியில் கம்பி தட்டுப்பட்ட இடத்தில் கை நின்றது.

"இத்தன மாசம் பண்ணியும் மடங்கல."

"இல்ல அத்த."

"அன்னிக்குப் புதுசா ஒடஞ்ச காலு." அவள் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்புடி உக்காந்து அவள மடியில போட்டுக்கினீங்க?"

வேறொரு பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்கு வரவில்லை.

"நான் அவகிட்ட போவவே இல்ல அத்த. பின்னால அவ மேல வேன் மோதுற சத்தம் கேட்டு ஹேண்டில ஒடிச்சேன். மதகுக் கல்லுல முட்டி அடிச்சு வுழுந்துட்டேன். அவ கெடந்த எடம் நாப்பது அடி இருக்கும். தவழ்ந்து பாத்தேன், பாதிகூடப் போவ முடியல. நடவுக்கு வந்த பொம்பளைங்கதான் ஓடியாந்தாங்க. அவுங்க துணியப் போட்டு மூடுனத அங்கேருந்துதான் பாத்தேன்."

கொளஞ்சியம்மாள் எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்தாள்.

"அம்மான்னு கூப்புடலியா?"

"கூப்ட்டிருக்கலாம். எனக்குக் கேக்கல."

வெளியே ஒரு ஆட்டோ நின்று, யாரையோ இறக்கிவிட்டுப் போயிற்று. அவள் மறுபடி எண்ணெயைத் தொட்டு முட்டியில் வைத்தாள். இந்த முறை மெதுவாகத் தேய்த்தாள்.

"நாளைக்கு யாரு கேட்டாலும் நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நான் பாத்துக்கறேன்." எண்ணெயை ஓரமாக நகர்த்தி வைத்து, "அவ கடைசியா நெசமா என்னதான் சொன்னா? எதா இருந்தாலும் எனக்குச் சொல்லுங்க" என்றாள்.

"கீரப்பாளையம் ரோட்டுல எதிர்க்காத்து அத்த. பக்கத்துல வந்துக்கிட்டிருந்தவ மெதுவா பின்னால போனா."

"என்னன்னு சொன்னா?"

"'நீ முன்னால போ மாமா. உன் முதுகு இருக்கற அகலத்துக்கு எனக்குக் காத்தே அடிக்காது.'"